கடைசி வரிசைக்குத் தாளம் போய்ச் சேரும் நேரம்

அக்டோபர் இறுதியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை, ஏறத்தாழ ஆறு வாரங்கள், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியை நான் தவறாகத் திருத்திக்கொண்டிருந்தேன். பள்ளி விளையாட்டு விழாவின் அணிவகுப்பில் தன் வகுப்பின் கொடியைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பிரிவுக்கு முன்னால் நடப்பவள் அவள். பேண்டு எல்லோருக்கும் முன்னால் போகும். அதன் பின்னால் எட்டு வகுப்புகள், ஒவ்வொன்றும் ஒரு கொடியோடு வரும். எங்கள் மைதானம் நீளவாக்கில் 95 மீட்டர். முழு வரிசையும் அதில் நீண்டு நிற்கும்போது, முதல் வரிசையில் போகும் பெரிய டிரம்முக்கும் அவளுக்கும் இடையில் எண்பது மீட்டருக்கு மேல் இருக்கும். டிரம்மின் அழுத்தமான அடி விழும்போது இடது கால் தரையில் பட வேண்டும் என்பதுதான் அணிநடையின் முதல் பாடம். முன்னால் போன வகுப்புகளுக்கு அது சரியாகப் பட்டது. நடுவில் வந்தவர்களுக்குச் சற்றே பிந்தியது. அவளுக்கோ, அடி விழுந்து அடங்கிய பிறகு, முன்வரிசைக்காரர்களின் வலது கால் பாதி வழி வந்திருந்த நேரத்தில்தான் இடது கால் இறங்கியது. அவளைப் பார்த்து நடந்த வகுப்பு முழுவதும் அப்படியே நடந்தது.

நான் பேண்டுக்குப் பக்கத்தில் நின்று இதைப் பார்த்தேன். அவளை அழைத்து என் பக்கத்தில் நடக்கச் சொன்னால் ஒரு பிழையும் இல்லை. பின்னால் அனுப்பினால் மறுபடி அதே பிழை. கவனம் சிதறுகிறது, கூச்சப்படுகிறாள், கொடியின் கனத்தால் தடுமாறுகிறாள் என்று எனக்குத் தோன்றிய காரணங்களையெல்லாம் அவள் மேல் ஏற்றிப் பார்த்தேன். மூன்றாவது வாரம் அவள் மெதுவான குரலில், "மேம், எனக்குக் கேக்கும்போதுதான் நான் காலை வைக்கிறேன்" என்றாள். அதை நான் சாக்காக எடுத்துக்கொண்டேன். அவள் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை என்பது எனக்கு விளங்குவதற்கு இன்னும் மூன்று வாரங்கள் ஆயின. கணக்கு ஆசிரியையான எனக்கு அது முதல் நாளே விளங்கியிருக்க வேண்டும்.

இருபத்தாறு ஆண்டுகளாக நான் தில்லியில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பேண்டின் பொறுப்பு என்னிடம் வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை அதைக் கவனித்துவந்த ஆசிரியர் ஓய்வுபெற்றபோது, சிறுவயதில் நான் பாட்டு கற்றவள் என்பது யாருக்கோ நினைவுக்கு வந்தது. வாத்தியங்களைக் கற்றுக்கொடுப்பவர் உஸ்தாத்ஜி. தரைப்படையில் பயிற்சி தரும் ஹவில்தாரை உஸ்தாத் என்றுதான் அழைப்பார்கள். பணி ஓய்வுக்குப் பிறகும் அந்தப் பெயர் அவரோடு வந்துவிட்டது. உத்தராகண்டின் பௌரிப் பக்கத்து மலைக்கிராமத்தில் பிறந்து, படைப்பிரிவு ஒன்றின் பேண்டில் பல ஆண்டுகள் வாசித்தவர். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் காலை ஏழு மணிக்கு மைதானத்தில் இருப்பார். அந்த இரண்டு நாட்களில் நான் ராமகிருஷ்ணபுரத்து வீட்டிலிருந்து ஆறேகாலுக்குக் கிளம்பிவிடுவேன். அம்மாவுக்குக் காப்பி கலந்து வைத்துவிட்டு, கழுத்தைச் சுற்றி மஃப்ளரைக் கட்டிக்கொண்டு, பனிமூட்டத்தில் எதிரே வருகிற பஸ்ஸின் விளக்கு மட்டும் தெரிகிற தெருவில் நடப்பது எனக்குப் பிடித்த வேலைகளில் ஒன்று. அந்த நடையில் மனம் தானாக எண்ணத் தொடங்கிவிடும்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

உஸ்தாத்ஜியின் கட்டளைகள் எல்லாம் இந்தியில். ஸாவ்தான் (நிமிர்ந்து நில்), விஷ்ராம் (தளர்ந்து நில்), தேஸ் சல் (வேக நடை), தம் (நில்). இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது நின்ற இடத்திலேயே கால் மாற்றி மிதிப்பதற்கான கட்டளை: கதம் தால். கதம் என்றால் காலடி. தால் என்பது நம் தாளமேதான். நம் மொழியில் இந்த உறவு இன்னும் நெருக்கமானது. காலடியும் அடி, டிரம்மில் விழுவதும் அடி. நடப்பதும் நடை, தாளத்தின் உள்ளோட்டமும் நடை. வார இறுதியில் மிருதங்கம் கற்றுக்கொள்ளும் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எங்கள் சைட் டிரம் வரிசையில் இருக்கிறான். பைப் பேண்டு மெட்டுகள் பலவற்றில் வரும் ஆறெட்டு (6/8) தாளக் கணக்கை மற்றவர்களுக்கு விளக்க நான் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு அவன், "மேம், இது திஸ்ர நடை, தகிட தகிட" என்றான். அவ்வளவுதான் விஷயம். கால் இரண்டும் அதே வேகத்தில்தான் விழுகின்றன. ஒவ்வொரு காலடிக்குள்ளும் நான்குக்குப் பதில் மூன்று அட்சரம் ஓடுகிறது. தகதிமிக்கு நடந்த பிள்ளைகள் தகிடவுக்கு நடக்கும்போது தோள்கள் தாமாகவே லேசாக ஆடத் தொடங்குவதை அன்று கண்ணால் பார்த்தேன்.

சைட் டிரம்மில் முதலில் கற்க வேண்டியது நீண்ட உருட்டு. வலது கையால் இரண்டு, இடது கையால் இரண்டு, இப்படியே மாறி மாறி, முதலில் மிக மெதுவாக, பிறகு மெல்ல மெல்ல வேகம் கூட்டி, தனித்தனி அடிகள் காதுக்குத் தெரியாமல் ஒரே இரைச்சலாகக் கரையும் வரை. இதை மம்மி டாடி என்று சொல்லிக்கொடுப்பது பழைய வழக்கம். உஸ்தாத்ஜியும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். எங்கள் பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகள் கணிசமாக இருப்பதால் அது ஒரே வாரத்தில் அம்மா அப்பா ஆகிவிட்டது. அம்-மா வலது, அப்-பா இடது. இப்போது பஞ்சாபிப் பிள்ளைகளும் பிகார் பிள்ளைகளும் அம்மா அப்பா என்று முணுமுணுத்துக்கொண்டுதான் குச்சியைப் பிடிக்கிறார்கள். ஒற்றும் உயிர்மெய்யும் அடுத்தடுத்து வருவதால் முதல் அடி அழுத்தமாகவும் இரண்டாவது தானே துள்ளி எழுவதாகவும் அமைகிறது. மம்மி டாடியைவிட இதுவே கைக்கு ஒத்துவருகிறது என்பது என் எண்ணம். நவம்பரில் காற்றில் மாசு மிகுந்து, வெளியில் விளையாடக் கூடாது என்று உத்தரவு வந்த நாட்களில், லாரி டியூபை வட்டமாக வெட்டி மேசைகளில் ஒட்டி வகுப்பறைக்குள்ளேயே பழகினோம். ஊதுகிறவர்களுக்கு அந்த நாட்களில் முழு ஓய்வு கொடுத்துவிட்டேன். அந்தக் காற்றை ஆழமாக இழுத்து ஊது என்று ஒரு குழந்தையிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குழல் வாசிக்கும் பிள்ளைகளுக்கு முதல் மெட்டாக நான் எடுத்துக்கொண்டது ச ச ப ப த த ப என்று தொடங்கும் மெட்டு. மழலையர் வகுப்பில் நட்சத்திரப் பாட்டாக எல்லாக் குழந்தைகளும் பாடியது. அதே மெட்டில் முத்துசாமி தீட்சிதர் சியாமளே மீனாட்சி என்ற நோட்டுஸ்வரத்தைச் செய்திருக்கிறார் என்பதால் பாட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கும் அது தெரியும். கம்பெனிக் காலத்து மதராஸில் கேட்ட ஐரோப்பிய இசையிலிருந்து எடுத்துக்கொண்ட மெட்டுகளில் அவர் இப்படி ஏறத்தாழ நாற்பது செய்தார். பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டும் அவற்றில் ஒன்று. சந்ததம் பாஹிமாம் என்ற உருப்படி அது. அந்த மெட்டுகளில் ஒன்றை மறுபடி பேண்டில் கேட்கும்போது, பயணம் போன பிள்ளை வீட்டுக்கு வந்ததுபோல் எனக்கு இருக்கிறது.

திரும்பும்போது வரிசை கலையாமல் இருப்பது அணிநடையில் கடினமான பாடம். தாஹினே கூம் என்ற கட்டளைக்கு ஐந்து பேர் கொண்ட ஒரு வரிசை வலப்பக்கமாகச் சுழன்று திரும்ப வேண்டும். உள்பக்கத்துப் பிள்ளை மையத்திலிருந்து ஒரு மீட்டரிலும் வெளிப்பக்கத்துப் பிள்ளை ஐந்து மீட்டரிலும் இருப்பதாகக் கொண்டால், கால் வட்டத்துக்கு முதல் பிள்ளை 1.57 மீட்டர் நடக்கிறது. கடைசிப் பிள்ளை 7.85 மீட்டர். இருவருக்கும் கிடைப்பது அதே பன்னிரண்டு காலடி. ஆகவே வெளியே இருப்பவர் 65 சென்டிமீட்டருக்கு எட்டி வைக்க வேண்டும். உள்ளே இருப்பவர் 13 சென்டிமீட்டர், அதாவது தன் பாத நீளத்தைவிடக் குறைவாக, கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே மிதிக்க வேண்டும். வட்டவில்லின் நீளம் என்ற பாடத்தை நான் இப்போது மைதானத்தில்தான் தொடங்குகிறேன். உள்பக்கத்தில் நிற்பவருக்குத்தான் பொறுமை அதிகம் வேண்டும் என்று உஸ்தாத்ஜி சொல்வார். வேகமாக எட்டி வைப்பதைப் பிள்ளைகள் இரண்டு நாளில் கற்றுவிடுகிறார்கள். தாளத்தை விடாமல் சிறிதாக வைப்பதற்கு இரண்டு மாதம் ஆகிறது.

கொடி பிடித்த மாணவியின் விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் இரண்டாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, உஸ்தாத்ஜி வழக்கம்போல் பேண்டோடு நிற்காமல் வரிசையின் கடைசிக்குப் போய், அவளுக்குப் பக்கத்தில் நின்று, முழுச் சுற்றும் அவளோடு நடந்தார். திரும்பி வந்து, அங்கே அவள் சரியாகத்தான் நடக்கிறாள் மேடம்ஜி, பின்னால் போய் நின்று கேளுங்கள் என்றார். நான் போய் நின்றேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டபோது டிரம்மின் அடியும் அவள் காலடியும் ஒன்றாக விழுந்தன. கண்ணைத் திறந்து தூரத்தில் டிரம் வாசிப்பவனின் கையைப் பார்த்தபோது, கை தோலைத் தொட்டு மீண்டும் மேலே எழுந்த பிறகே ஓசை வந்து சேர்ந்தது.

ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. குளிர்ந்த காற்றில் அதைவிடச் சற்றுக் குறைவு. வேக நடையில் நிமிடத்துக்கு 120 காலடி, ஆக ஒரு காலடிக்கு அரை நொடி. எண்பத்து நான்கு மீட்டர் தூரத்தைக் கடக்க ஒலிக்குக் கால் நொடி ஆகும். கால் நொடி என்பது அரைக் காலடி. முன்வரிசைக்காரர்களின் இரண்டு காலடிகளுக்கு நட்ட நடுவில் அவளுடைய காலடி விழுந்ததற்குக் காரணம் இதுதான். இன்னும் நீளமான சாலையில், 170 மீட்டர் பின்னால் ஒரு பிரிவு வந்தால், முன்னால் இடது கால் விழும்போது அங்கே வலது கால் விழும். அவர்களோ தங்கள் காதுக்கு முழு உண்மையாக நடந்துகொண்டிருப்பார்கள். ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ஒலியின் வேகம் இருக்கிறது. ஏழாம் வகுப்புக் கணக்கில் வகுத்தல் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் நான் ஆறு வாரம் ஒரு குழந்தையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதற்குப் படைகளில் பழைய தீர்வுகள் உண்டு. உஸ்தாத்ஜி அவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னபோது, நான் இதுவரை அலங்காரம் என்று நினைத்திருந்தவை எல்லாம் வேலை செய்கிற பொருள்கள் என்று தெரிந்தது. பேண்டின் தலைவர் கையில் மேஸ் என்கிற குமிழ் வைத்த நீண்ட கோலைச் சுழற்றி உயர்த்துவது தூரத்தில் உள்ளவர்கள் கண்ணால் தாளம் பிடிப்பதற்கு. பெரிய டிரம் வாசிப்பவர் கையைத் தோளுக்கு மேல் வீசி அடிப்பதும் அதற்குத்தான். ஓசையைவிட ஒளி முந்திக்கொள்ளும். குடியரசு தின அணிவகுப்பில் எல்லா பேண்டுகளையும் முன்னால் நிறுத்திவிடாமல் பிரிவுகளுக்கு இடையிடையே விட்டு நடத்துவதற்கும் இதுவே காரணம் என்றார். நாங்கள் பேண்டை வரிசையின் நடுவுக்குக் கொண்டுவந்தோம். நான்கு வகுப்புகள் அதற்கு முன்னால், நான்கு வகுப்புகள் பின்னால். தூரம் பாதியானதும் பிந்துதலும் பாதியாயிற்று. அதோடு, கொடி பிடிப்பவர்கள் டிரம்மைக் கேட்டு நடக்காமல் முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்து நடக்க வேண்டும் என்று உஸ்தாத்ஜி மாற்றிச் சொன்னார். இரண்டே நாளில் மைதானம் முழுவதும் ஒரே காலாக இறங்கியது.

அந்த வெள்ளிக்கிழமை, பிரேயருக்குப் பிறகு எல்லோரும் வரிசையில் நின்றபோது, நான் அவள் பெயரைச் சொல்லி, "நீ முதல் நாளிலேர்ந்து சரியாத்தான் நடந்தே. நான்தான் தப்பாக் கேட்டேன்" என்றேன். அவள் கொடிக்கம்பை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். திருத்துவதை எல்லோர் முன்னிலையிலும் செய்துவிட்டு, திருத்தியது தவறு என்பதைத் தனியாகச் சொல்வது நியாயமில்லை என்று எனக்குப் பட்டது.

ஓசை இவ்வளவு பிந்தி வரும் என்பதைப் பிள்ளைகள் நம்பவில்லை. கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்கள். எனவே விளையாட்டு விழா முடிந்த அடுத்த வாரம் ஒரு சோதனை செய்தோம். பெரிய டிரம் வாசிக்கும் பையனை மைதானத்தின் ஒரு முனையில் நிறுத்தி, இரண்டு கையாலும் மாற்றி மாற்றி, கைபேசியில் தட்டும் மெட்ரோனோமைக் காதில் மாட்டிக்கொண்டு, நிமிடத்துக்கு 240 அடி அடிக்கச் சொன்னேன். மற்றவர்கள் எல்லோரும் அவன் பக்கத்திலிருந்து தொடங்கி, அவனைப் பார்த்தபடியே பின்னோக்கி நடக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும்போது கையும் ஓசையும் ஒன்றாக இருந்தன. இருபது மீட்டரில் லேசாக விலகின. நாற்பது மீட்டரில் முற்றிலும் தவறாக, கை மேலே இருக்கும்போது ஓசை வந்தது. சிலர் சிரித்தார்கள், ஒரு சிறுமி காதைப் பொத்திக்கொண்டாள். அதற்கப்பால் இரண்டும் மெல்ல மறுபடி நெருங்கின. ஓரிடத்தில், கை இறங்குவதும் ஓசை வருவதும் மீண்டும் ஒன்றாகிவிட்டன. அங்கே கேட்கிற ஓசை இப்போது விழும் அடியின் ஓசை அல்ல, அதற்கு முந்தைய அடியின் ஓசை. இதைச் சொன்னதும் மைதானத்தில் சட்டென்று அமைதி வந்தது. ஒவ்வொருவரும் தாம் நின்ற இடத்தில் செருப்பால் கோடு கிழித்தார்கள். அளவு நாடாவால் அளந்தபோது கோடுகள் 82 முதல் 87 மீட்டருக்குள் இருந்தன. அன்று வெப்பம் பத்து டிகிரி. கணக்கு சொல்லும் எண் 84. கொடி பிடித்த மாணவியின் கோடு 84-க்கு ஒரு சாண் தள்ளி இருந்தது.

வீட்டில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். எண்பது வயதைத் தாண்டிய அவருக்கு ஒலியின் வேகத்தில் அக்கறை இல்லை. ஆனால் பேண்டை நடுவில் கொண்டுவந்தோம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கும்பகோணத்தில் அவர் வளர்ந்த தெருவில் சுவாமி புறப்பாட்டுக்கு நாகசுரக்காரர்கள் எங்கே நிற்பார்கள் என்று கேட்டேன். சுவாமிக்கு முன்னால், தூக்குகிறவர்களுக்குச் சில அடி தூரத்தில்தான் என்றார். "தூக்குறவங்க தோளுக்கும் காலுக்கும் கேக்கணும்னுதானே மல்லாரி வாசிக்கிறது, ஊருக்குக் கேக்கறதுக்கா?" புறப்பாட்டுக்கு நாகசுரத்தில் வாசிக்கும் மல்லாரிக்குச் சாகித்தியம், அதாவது பாடல் வரிகள், கிடையாது, பெரும்பாலும் கம்பீர நாட்டை ராகத்தில் வாசிப்பார்கள். தேருக்கு ஒன்று, தீர்த்தம் கொண்டுவரும்போது ஒன்று, மடைப்பள்ளியிலிருந்து தளிகை வரும்போது ஒன்று என்று நடப்பதன் காரியத்துக்கு ஏற்ற மல்லாரிகள் உண்டு. கனம் சுமந்து பலர் ஒன்றாக நடப்பதற்கு என்றே நம் ஊரில் இவ்வளவு நுணுக்கமாக ஓர் இசை வளர்ந்திருக்கிறது. அணிநடை இசை என்றால் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது என்றே நானும் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். பித்தளை வாத்தியங்களுக்கு அது உண்மை, நடைக்கு உண்மையில்லை. ராமகிருஷ்ணபுரத்து முருகன் கோயிலான மலை மந்திரில் உற்சவத்தின்போது தவில் தொடங்கியதும் தோள் கொடுப்பவர்களின் கால்கள் மாறுவதை இப்போது வேறு கண்ணால் பார்க்கிறேன்.

அப்பா வேகமாக நடப்பவர். மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து தில்லிக்கு வந்தவர். பஸ் நிறுத்தம் வரை அவர் ஓரடி வைத்தால் நான் இரண்டு வைக்க வேண்டியிருக்கும். அந்த நாளில் அவருடைய ‘தக’வும் என்னுடைய ‘தகதிமி’யும் ஒரே வேகத்தில் சேர்ந்து போனதாக இன்று எனக்குத் தோன்றுகிறது. ஜனவரி 29 அன்று விஜய் சௌக்கில் நடக்கும் பீட்டிங் ரிட்ரீட்டுக்கு முந்தைய நாள் முழு ஒத்திகை நடக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பா அதற்கு என்னை அழைத்துப் போனார். சூரியன் இறங்கும்போது போரை நிறுத்தி, ஆயுதங்களை உறையில் இட்டு, படைகள் கூடாரத்துக்குத் திரும்பிய பழைய வழக்கத்தின் நினைவாக நடக்கும் நிகழ்ச்சி அது. வடக்கு, தெற்குப் பிளாக்குகளின் மதில்மேல் ஒட்டகங்கள் வானத்தை முதுகில் வைத்து அசையாமல் நின்றன. பேண்டுகள் கிறிஸ்தவ மாலைப் பாடலான அபைட் வித் மீயை வாசித்தபோது, தூரத்தில் வைத்த குழாய் மணிகள் பதில் சொன்னன. அந்த மணியோசை சற்றுப் பிந்தியே வந்து சேர்ந்ததாக எனக்கு நினைவு. அந்தப் பிந்துதலும் மெட்டின் பகுதிதான் என்று அன்று நினைத்துக்கொண்டேன். 2022-இல் அந்த மெட்டு நிகழ்ச்சியிலிருந்து எடுக்கப்பட்டு, 1962 போருக்குப் பின் எழுதப்பட்ட ஏ மேரே வதன் கே லோகோ சேர்க்கப்பட்டது. புதிய மெட்டும் உருக்கமானதுதான். ஆனாலும் அந்த மணிகளுக்காக என் காது இன்னும் காத்திருக்கிறது. கடைசியில் பேண்டுகள் ஸாரே ஜஹான் ஸே அச்சாவை வாசித்தபடி ரைசினா மேட்டை நோக்கித் திரும்பி நடந்தன. மேடேற ஏற ஓசை தேய்ந்துகொண்டே போயிற்று. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்க்காமல், ஓசை முழுவதும் அடங்கும் வரை நின்றார்.

இந்த ஆண்டு அதைத் தொலைக்காட்சியில் அம்மாவோடு பார்த்தேன். அடுத்த நாள் வகுப்புக்குப் போனபோது என்னிடம் ஒரு மாற்றம் இருந்தது; அது டிசம்பரிலேயே தொடங்கியது. கேள்வி கேட்டதும் முதலில் உயரும் கையை நான் இப்போது அழைப்பதில்லை. கேள்வியைச் சொல்லிவிட்டு மனத்துக்குள் விளம்ப காலத்தில் ஆதி தாளம் ஓர் ஆவர்த்தனம் போடுகிறேன். எட்டு எண்ணிக்கை, ஏறத்தாழ எட்டு நொடி. அந்த எட்டு நொடி முதல் வாரத்தில் எனக்கே நீளமாக இருந்தது. அதுவரை நான் எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்று ஒருநாள் கவனித்துப் பார்த்தேன். இரண்டு நொடிகூட இல்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் எப்போதும் முந்தைய கேள்விக்குப் பதில் சொல்கிறான் என்று மற்றவர்கள் சொல்வார்கள். வீட்டில் போஜ்புரி பேசுகிறவன். வகுப்பில் ஆங்கிலத்தில் கேட்கும் கேள்வியை மனத்துக்குள் மாற்றிக்கொண்டு, கணக்கைப் போட்டு, விடையை மறுபடி மாற்றிக்கொண்டு வருவதற்குள் நான் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறேன். ஆறாவது எண்ணிக்கையில் அவன் கை உயர்வதை ஜனவரியில் நான்கு முறை பார்த்தேன். நான்கு முறையும் விடை சரி. அவனை எத்தனை ஆண்டுகளாக எத்தனை பேர் சோம்பேறி என்று சொல்லியிருப்போம் என்று எண்ணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பொதுத் தேர்வுக்காகப் பேண்டிலிருந்து விலகிவிட்டார்கள். சில பெற்றோர் ஒன்பதாம் வகுப்பிலேயே எழுதிக் கொடுத்து நிறுத்திவிடுகிறார்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் பறிபோவதாக நினைக்கிறார்கள். நான் ஒவ்வொருவரிடமும் பேசிப் பார்க்கிறேன். சிலர் கேட்கிறார்கள். பெரிய டிரம் அடித்த பையனும் போய்விட்டதால் அந்த இடம் காலியாக இருந்தது. கொடி பிடித்த மாணவியை உஸ்தாத்ஜி அழைத்து, டிரம்மை அவள் மார்பில் மாட்டிப் பார்த்தார். வாரைக் கடைசித் துளை வரை இறுக்க வேண்டியிருந்தது. முதல் அடியை அடித்துவிட்டு அவள் கையை எடுக்காமல், தலையை உயர்த்தி மைதானத்தின் மறுமுனையைப் பார்த்தாள்.

மைதானத்தில் 84 மீட்டரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவைத்திருக்கிறோம். வெப்பம் ஏறினால் ஒலியின் வேகமும் ஏறும் என்று வகுப்பில் சொன்னேன். நாற்பது டிகிரியில் நொடிக்கு 355 மீட்டர் வரும். அப்போது கோடு ஏறத்தாழ ஐந்து மீட்டர் பின்னால் தள்ளிப்போக வேண்டும். மே மாதம் விடுமுறைக்கு முந்தைய வாரம், ஐந்தே நிமிடம், தலையில் துண்டு போட்டுக்கொண்டு மறுபடி அளப்பது என்று முடிவாகியிருக்கிறது. இந்த முறை டிரம் அடிக்கப்போவது அவள். அளவு நாடாவின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டு கோட்டில் நிற்க வேண்டுமாம்.